பிறரைப் புண்படுத்தும் சிரிப்பு: மவுசு இழந்த வானொலிகள் தரும் படிப்பினை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய அருளும் சாந்தியும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும், மறுமை நாள் வரை அவர்களின் வழியில் நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக.

முதலில் எனக்கும், அடுத்து உங்களுக்கும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு உபதேசம் செய்துகொள்கிறேன். தக்வா என்றதும் தொழுகை, நோன்பு, ஹலாலான சம்பாத்தியம் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. நாவுக்கும் காதுக்கும் தக்வா உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். நாம் மொழியும் எந்தச் சொல்லையும் பதிவு செய்யக் கண்காணிப்பாளர் ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார் என்று சூரா காஃபின் 18வது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்று சூரா பனூ இஸ்ராயீலின் 36வது வசனத்தில் எச்சரிக்கிறான். பேசியவனுக்கு மட்டுமல்ல, கேட்டுச் சிரித்தவனுக்கும் விசாரணை உண்டு.

இந்த வாரம் நாம் சிந்திக்க இருப்பது, சிரிப்புக்காகப் பேசப்படும் ஆபாசத்தையும் கேலியையும் பற்றி. அதற்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வானொலித் துறையில் நடந்த சில உண்மைச் சம்பவங்களை எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டு வானொலியைப் பற்றி நமக்கென்ன என்று கேட்க வேண்டாம். நாற்பது ஆண்டுகளாக ஒரு சமூகம் ஆபாசப் பேச்சைச் சந்தைச் சரக்காக விற்றுப் பார்த்தது. அதன் முடிவு என்ன ஆனது என்பது நம் கண் முன்னே இருக்கிறது. பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தவர்களின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது அல்லவா?

யார் இந்த 'ஷாக் ஜாக்'?

வானொலியில் பாட்டுப் போடுகிறவரை 'டிஸ்க் ஜாக்கி' என்பார்கள். நம் ஊரில் ஆர்.ஜே. என்கிறோம். 'ஷாக் ஜாக்' என்பவர் வேறு ரகம். கேட்பவரைத் திடுக்கிட வைப்பதுதான் அவருடைய தொழில். படுக்கையறை விஷயங்களை மைக்கில் பேசுவார். நேயர்களைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய அந்தரங்கத்தைச் சொல்லவைப்பார். பெண்களின் உடலை வர்ணிப்பார். ஓர் இனத்தை, ஊனமுற்றவரை, பிரபலங்களின் குடும்பத் துயரத்தைக் கேலி செய்வார். முன்பின் தெரியாத ஒருவரை அழைத்து ஏமாற்றி, அவர் பதறுவதை ஊருக்கே ஒலிபரப்புவார்.

1980களில் அமெரிக்காவில் இந்த வகை நிகழ்ச்சிகள் வேரூன்றின. அவர்களில் பெரும் புகழ் பெற்றவர் நியூயார்க்கின் ஹவர்ட் ஸ்டெர்ன். இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒலிபரப்பானது காலை நேரத்தில். மக்கள் காரில் வேலைக்குப் போகும் நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம் அது. விளம்பர வருமானம் மிகுதியாகக் கிடைக்கும் நேரமும் அதுதான். நபி (ஸல்) அவர்கள் தம் உம்மத்தின் காலைப் பொழுதில் பரக்கத் செய்யுமாறு அல்லாஹ்விடம் துஆ செய்தார்கள் என்று திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் வருகிறது. பரக்கத்துக்காகக் கேட்கப்பட்ட அந்த நேரத்தைத்தான் இந்த வியாபாரம் பிடித்துக்கொண்டது.

மவுசு ஏன் குறைந்தது?

அமெரிக்காவில் எஃப்.சி.சி. என்னும் தகவல் தொடர்பு ஆணையம் உண்டு. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பிள்ளைகள் கேட்கக்கூடும் என்பதால், அந்த நேரத்தில் வானொலியில் ஆபாசம் கூடாது என்பது அதன் விதி. வானொலியில் ஆபாசப் பேச்சைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இருந்தும் நிலையங்கள் அசரவில்லை. ஸ்டெர்ன் நிகழ்ச்சி தொடர்பான புகார்களைத் தீர்த்துக்கொள்ள அவருடைய நிறுவனம் 1995இல் 17 இலட்சம் டாலர் கட்டியது. கட்டிவிட்டு நிகழ்ச்சியைத் தொடர்ந்தது. அபராதத்தைவிட இலாபம் பெரியதாக இருந்தது.

2004இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ஒரு விளையாட்டுப் போட்டியின் இடைவேளைக் கலை நிகழ்ச்சியில் நடந்த ஆபாசக் காட்சி தொலைக்காட்சியில் நேரலையாகப் போக, பெற்றோர்கள் கொதித்தார்கள். ஃபுளோரிடா மாநிலத்தில் ஓர் அறிவிப்பாளரின் ஆபாச நிகழ்ச்சிக்காக ஒரே நிறுவனத்துக்கு 7,55,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே நிறுவனம் ஸ்டெர்னின் நிகழ்ச்சியையும் தன் ஆறு நிலையங்களிலிருந்து நீக்கியது. 2006இல் புதிய சட்டம் வந்து, ஒரு மீறலுக்கான உச்ச அபராதம் 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராகப் பத்து மடங்கு உயர்த்தப்பட்டது.

ஸ்டெர்ன் என்ன செய்தார்? 2006 ஜனவரியில் செயற்கைக்கோள் வானொலிக்கு இடம் மாறினார். ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம். அங்கே எஃப்.சி.சி.யின் ஆபாசத் தடை விதி கிடையாது. எதையும் பேசலாம். இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் பேசலாம் என்று ஆன பிறகு, எதைப் பேசினாலும் யாரும் திடுக்கிடவில்லை. தடை இருந்தவரைதான் அதிர்ச்சி இருந்தது. பின்னர் இணையமும் கைப்பேசியும் பெருகின. ஆபாசம் வீடு தேடி இலவசமாக வந்தது. அதை வானொலியில் காத்திருந்து கேட்க வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது?

விளம்பரதாரர்களும் பின்வாங்கத் தொடங்கினார்கள். 2007 ஏப்ரலில் டான் ஐமஸ் என்ற மூத்த அறிவிப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியைக் காலை நிகழ்ச்சியில் இனத்தையும் மானத்தையும் இழிவுபடுத்தும் சொல்லால் கேலி செய்தார். தேசிய இறுதிப் போட்டி வரை வந்து தோற்று, வருத்தத்தில் இருந்த இளம் மாணவிகள் அவர்கள். பெரிய நிறுவனங்கள் வரிசையாக விளம்பரத்தை விலக்கிக்கொண்டன. எட்டே நாட்களில் அவர் வேலை போயிற்று. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு நிலையம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

எல்லை மீறினால் மட்டுமே சிரிப்பு வரும் நிலை

சகோதரர்களே, பாவத்தின் இயல்பு ஒன்று இருக்கிறது. முதல் தடவை அது நெஞ்சை உறுத்தும். இரண்டாம் தடவை உறுத்தல் குறையும். பிறகு அது சாதாரணமாகிவிடும். அதன் பின் பழைய அளவு போதாது, அடுத்த படி இறங்க வேண்டும். ஓர் அடியான் பாவம் செய்யும்போது அவன் உள்ளத்தில் கரும்புள்ளி விழுகிறது, தவ்பா செய்யாவிட்டால் அது பெருகி உள்ளத்தையே மூடிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதைத் திர்மிதீயில் காண்கிறோம்.

அதிர்ச்சி வானொலிக்கு நடந்தது இதுதான். நேற்றைய கொச்சைப் பேச்சுக்கு இன்று யாரும் சிரிப்பதில்லை. ஆகவே இன்னும் ஒரு படி. 2002 ஆகஸ்டில் நியூயார்க் நிலையம் ஒன்று, பொது இடங்களில் தகாத உறவில் ஈடுபடுவோருக்குப் பரிசு என்று போட்டி நடத்தியது. அதன் பெயரால் அந்த நகரத்துக் கிறிஸ்தவப் பேராலயத்துக்குள்ளேயே அசிங்கத்தை அரங்கேற்றினார்கள். மக்கள் கொதித்தெழ, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பிறர் வணங்கும் இடத்தின் கண்ணியம்கூடச் சிரிப்புக்குப் பலியாகும் நிலைக்கு இந்தப் பாதை கொண்டுபோகும். நீ வெட்கப்படவில்லையானால் நினைத்ததைச் செய்துகொள் என்பது முந்தைய நபிமார்களின் போதனையிலிருந்து மக்களிடம் எஞ்சியிருக்கும் சொல் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைப் புகாரி பதிவு செய்திருக்கிறார். வெட்கம் என்னும் வேலி சாய்ந்துவிட்டால் அதற்கப்பால் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை.

சிரிப்புக்குக் கொடுத்த விலை

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். நிதானமாக வாசியுங்கள்.

2007 ஜனவரி 12. கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீடியோ கேம் கருவி பரிசு என்று காலை நிகழ்ச்சியில் போட்டி வைத்தது. போட்டியின் பெயரே அசிங்கமான சொல்விளையாட்டு. மூன்று பிள்ளைகளுக்குத் தாயான 28 வயதுப் பெண் ஒருவர், பிள்ளைகளுக்காக அந்தக் கருவியை வெல்லலாம் என்று கலந்துகொண்டார். நிகழ்ச்சி நடக்கும்போதே ஒரு செவிலியர் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இது உயிருக்கு ஆபத்து என்று எச்சரித்தார். அறிவிப்பாளர்கள் அதையும் சிரித்துத் தள்ளினார்கள். அளவு மீறிய தண்ணீர் இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து மூளையை வீங்கச் செய்துவிடும். அந்தத் தாய் தலைவலியோடு வீடு திரும்பி, அன்றே இறந்துபோனார். பத்து ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். 2009இல் நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடியே அறுபத்தைந்து இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2017இல் அந்த நிலையம் தன் உரிமத்தையே திருப்பிக் கொடுத்து மூடப்பட்டது. இத்தனைக்கும் பிறகு அந்த மூன்று பிள்ளைகளுக்குத் தாய் திரும்பி வருவாரா?

இரண்டாவது சம்பவம். 2012 டிசம்பரில் சிட்னி நகர வானொலி அறிவிப்பாளர்கள் இருவர், பிரிட்டன் அரசி போலவும் இளவரசர் போலவும் குரலை மாற்றிக்கொண்டு இலண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்தார்கள். அங்கே அனுமதிக்கப்பட்டிருந்த இளவரசர் குடும்பத்துப் பெண்ணின் உடல்நிலையைக் கேட்டார்கள். அழைப்பை எடுத்த செவிலியர் உண்மை என்று நம்பி, வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். அவர் நம் நாட்டில், கர்நாடகத்தில் பிறந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அந்த உரையாடலைப் பேசியவர்களின் சம்மதமின்றியே ஒலிபரப்பினார்கள். உலகமே கேட்டுச் சிரித்தது. மூன்றாம் நாள் அந்தச் செவிலியர் இறந்து கிடந்தார். அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பது விசாரணையின் முடிவு. ஒரு மனிதரின் உள்ளத்தில் என்னென்ன பாரம் இருந்தது என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அதை நாம் தீர்ப்பிட வேண்டாம். ஆனால் அவரை உலகத்தின் கேலிக்குப் பொருளாக்கியது எது என்பது எல்லோருக்கும் தெரியும். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அக்குடும்பத்துக்காக ஐந்து இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

இப்போது அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். நபி (ஸல்) அவர்களோடு பயணத்தில் இருந்தபோது ஒரு தோழர் தூங்கிவிட்டார். மற்றவர்களில் சிலர் அவர் வைத்திருந்த கயிற்றைப் போய் எடுத்தார்கள். அவர் திடுக்கிட்டு விழித்தார். அவ்வளவுதான் நடந்தது. பொருள் நட்டமில்லை, காயமில்லை. ஆனாலும் ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது இன்னொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று நபி (ஸல்) அவர்கள் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். இன்று 'பிராங்க்' என்று நாம் பெயர் வைத்திருக்கும் விளையாட்டுக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டுமா? தூங்கும் மனிதனின் ஒரு நொடிப் பதற்றத்தைக்கூட மதித்த மார்க்கம் இது.

மார்க்கம் சிரிப்புக்கு எதிரியா?

சிலர் நினைக்கலாம்: அப்படியானால் முஸ்லிம் சிரிக்கவே கூடாதா, முகத்தைச் சுளித்துக்கொண்டே திரிய வேண்டுமா? இல்லை. நபி (ஸல்) அவர்கள் புன்முறுவல் பூத்த முகத்தினர். தோழர்களோடு நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், உம்மை ஒட்டகக் குட்டியின் மேல் ஏற்றிவிடுகிறேன் என்றார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் விழித்தார். எந்த ஒட்டகமும் ஏதோ ஒரு தாய் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். அந்த நகைச்சுவையில் பொய் இல்லை, ஆபாசம் இல்லை. ஒரு நகைச்சுவைக்கு அளவுகோல் இதுதான்: யாரை வைத்துச் சிரித்தோமோ, அவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்க வேண்டும்.

மாறாக, அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் ஒல்லியான கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிலர் சிரித்தபோது, அந்தக் கால்கள் மீஸான் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அஹ்மதில் வரும் செய்தி இது. உடலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மறுமையின் எடையைக் காட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைக் குறித்து ஒரு சொல் சொன்னபோதும், கடல் நீரில் கலந்தால் அதையே மாற்றிவிடும் சொல் அது என்று திருத்தினார்கள். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவனுக்குக் கேடுதான் என்று மூன்று முறை சொன்னதையும் திர்மிதீயில் காண்கிறோம்.

இது தவ்பா அல்ல

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வானொலிகளின் மவுசு குறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா?

கூடாது. ஏனென்றால் அந்தக் கடைதான் மூடியது, சரக்கு மூடவில்லை. அபராதம் ஏறியது, விளம்பரம் போனது, போட்டி வந்தது. இவையெல்லாம் வியாபாரக் காரணங்கள். மக்களுக்கு வெட்கம் வந்ததால் மட்டும் அந்தக் கடை மூடவில்லை. வேறு இடத்தில் இலவசமாகக் கிடைத்ததும் ஒரு காரணம். அன்று ஒரு நகரத்தில் மைக் வைத்திருந்தவர் ஒருவர். இன்று மைக் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அன்று நிலையம் கட்டிய அபராதமாவது இருந்தது. இன்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொச்சை ஆடியோவை முன்னனுப்பும் நமக்கு எஃப்.சி.சி. இல்லை. காவலர் யார்? சூரா காஃபில் சொல்லப்பட்ட அந்தக் கண்காணிப்பாளர்தான்.

உங்கள் கைப்பேசியை நினைத்துப் பாருங்கள். பள்ளித் தோழர்கள் குழு, வேலையிடக் குழு, சொந்தக்காரர்கள் குழு. அவற்றில் வரும் இரட்டை அர்த்தத் துணுக்குகள், ஒருவரின் கறுப்பு நிறத்தை, திக்குவாயை, விவாகரத்தைக் கேலி செய்யும் வீடியோக்கள், வழியில் போகிறவரைப் பயமுறுத்தி எடுத்த படங்கள். நாம் அவற்றைத் தயாரிக்கவில்லை என்று சமாதானம் சொல்கிறோம். ஈமான் கொண்டவர்களிடையே மானக்கேடான விஷயம் பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கே நோவினை தரும் வேதனை உண்டு என்று சூரா நூரின் 19வது வசனம் எச்சரிக்கிறது. விரும்புவதற்கே இந்த எச்சரிக்கை என்றால், கைவிரலால் தட்டிப் பரப்புவதற்கு என்ன பதில் சொல்வோம்?

ஷாக் ஜாக் நிகழ்ச்சிகளின் இன்னொரு அடித்தளம், நேயர்கள் தங்கள் பாவத்தைத் தாங்களே வந்து பெருமையாகச் சொல்வது. இன்று அதே வேலையை நாம் காணொளியிலும் ஸ்டேட்டஸிலும் செய்கிறோம். என் உம்மத்தினர் அனைவரும் மன்னிக்கப்படுவர், பகிரங்கப்படுத்துபவர்களைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் எழுந்து அவனே அதை ஊருக்குச் சொல்வதை அதற்கு உதாரணமாகக் காட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது இருக்கிறது. கணவன் மனைவிக்கிடையிலான அந்தரங்கத்தை வெளியில் பரப்புபவன் மறுமையில் மிக மோசமான நிலையில் உள்ளவர்களில் ஒருவன் என்றும் முஸ்லிமில் வருகிறது. நண்பர்கள் கூடும் இடத்தில் மனைவியைப் பற்றி நகைச்சுவை என்று அவிழ்த்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தீராத கடன்

சகோதரர்களே, பிறரைப் புண்படுத்திச் சிரித்த சிரிப்பு ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அந்தக் கடன் ஓயாது. நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம், திவாலானவன் யார் தெரியுமா என்று கேட்டார்கள். பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். இல்லை, தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன் மீது அவதூறு சொல்லியிருப்பான். அவனுடைய நன்மைகள் அவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களின் பாவம் இவன் மேல் சுமத்தப்படும். இவன்தான் திவாலானவன் என்று விளக்கினார்கள். முஸ்லிமில் பதிவான இந்த ஹதீஸைப் படிக்கும்போது, நாம் கேலி செய்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வேண்டும்.

ஹவர்ட் ஸ்டெர்ன் 1990களின் தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸை வானொலிக்கு அழைத்து, அவருடைய குடும்ப வாழ்க்கையைத் துருவித் துருவிக் கேட்டுத் துன்புறுத்தினார். பல ஆண்டுகள் கழித்து, மனநல ஆலோசனை பெற்ற பிறகு, அது அவருக்கு உறுத்தலானது. தம் பழைய நிகழ்ச்சிகளை நினைத்து வெட்கப்படுவதாக 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். ராபின் வில்லியம்ஸிடம் மன்னிப்புக் கேட்கத் தொடர்புகொள்ள முயன்ற நேரத்தில், 2014 ஆகஸ்டில் அவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னார். நாம் அவரைத் தீர்ப்பிட வரவில்லை. அவர் முஸ்லிம் அல்லர். மறுமைக் கணக்கை நினைத்து அவர் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் புண்படுத்திய மனிதனிடம் போய்ச் சேர முடியாமல் போன வேதனை அவருக்கே தெரிந்திருக்கிறது. டான் ஐமஸ் அந்த மாணவிகளை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கு நேரம் இருந்தது, மற்றவருக்கு நேரம் கடந்துவிட்டது. மறுமையை நம்பும் நமக்கு இதில் எவ்வளவு பெரிய எச்சரிக்கை! தன் சகோதரனின் மானத்திலோ வேறெதிலோ அநீதி செய்தவர், தங்கக் காசும் வெள்ளிக் காசும் பயன்படாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, சபையை மாற்றுங்கள். அல்லாஹ்வின் வசனங்கள் கேலி செய்யப்படும் சபையில், அவர்கள் வேறு பேச்சுக்கு மாறும் வரை உட்காராதீர்கள், உட்கார்ந்தால் நீங்களும் அவர்களைப் போன்றவர்களே என்கிறது சூரா நிஸாவின் 140வது வசனம். வீணானதைக் கேட்டால் ஒதுங்கிக்கொள்வது மூஃமின்களின் பண்பு என்கிறது சூரா கஸஸின் 55வது வசனம். சபை என்பது இன்று வாட்ஸ்அப் குழுவும்தான். முதலில் அன்பாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வெளியேறுங்கள்.

இரண்டாவது, காரிலும் வீட்டிலும் என்ன ஒலிக்கிறது என்று கவனியுங்கள். பின் இருக்கையில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. நாம் சிரிக்கும் இடத்தைத்தான் அது நகைச்சுவை என்று கற்றுக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகும் வழியில் குர்ஆன் ஓதலையோ நல்ல உரையையோ ஒலிக்க விடுங்கள், அல்லது பிள்ளையோடு பேசிக்கொண்டே போங்கள்.

மூன்றாவது, முன்னனுப்பும் முன் கேளுங்கள்: இதில் சிரிப்புக்கு ஆளாகும் மனிதர் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் இதைக் காட்டுவேனா? காட்ட மாட்டேன் என்றால் அனுப்பாதீர்கள்.

நான்காவது, 'பிராங்க்' என்ற பெயரில் யாரையும் பயமுறுத்துவதையும், சம்மதமின்றிப் பதிவு செய்வதையும் இளைஞர்கள் விட வேண்டும். பெற்றோர்கள் இதைக் கண்டிப்போடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, கடனைத் தீர்த்துவிடுங்கள். பட்டப்பெயர் வைத்த வகுப்புத் தோழர், கேலி செய்த மைத்துனர், குழுவில் அவமானப்படுத்திய பக்கத்து வீட்டுக்காரர், இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா? போய் மன்னிப்புக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் பேசிய பேச்சைச் சொன்னால் பகைதான் பெருகும் என்றால், அவருக்காக துஆ செய்து, எந்தச் சபையில் இழிவாகப் பேசினீர்களோ அதே சபையில் அவரைப் பற்றி நல்லதைச் சொல்லுங்கள் என்று உலமாக்கள் பலர் வழிகாட்டுகிறார்கள். அவர் இறந்திருந்தால் அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள்.

இதை வாசித்து முடித்ததும் கைப்பேசி உங்கள் கையில்தான் இருக்கும். இன்றைக்கே ஒரு பெயரைத் தேடி எடுங்கள். ஒரு அழைப்பு, ஒரு ஸலாம், ஒரு மன்னிப்பு. அந்த மனிதர் அழைப்பை எடுக்கும் நிலையில் இன்று இருக்கிறார். நாளை இருப்பாரா, நாம் இருப்போமா என்பது நமக்குத் தெரியாது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை ஆபாசத்திலிருந்தும் பொய்யிலிருந்தும் கேலியிலிருந்தும் தூய்மைப்படுத்துவாயாக! எங்கள் செவிகளை நல்லதைக் கேட்பவையாக ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு வெட்கத்தை ஆடையாக அணிவிப்பாயாக! நாங்கள் யாரையெல்லாம் புண்படுத்தினோமோ அவர்கள் உள்ளங்களைக் குளிர்வித்து, உன்னைச் சந்திக்கும் முன்பே அந்தக் கடனைத் தீர்க்கும் வாய்ப்பைத் தருவாயாக! எங்களையும் எங்கள் பெற்றோரையும் முஸ்லிமான ஆண்கள், பெண்கள் அனைவரையும் மன்னிப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.